அரிசி டப்பாவில் இருந்த பாஸ்போர்ட்

1

இந்த வாரம் என் தம்பி பிரபுவுக்குக் கல்யாணமாகி மூன்று வருடம் முடிந்தது. அன்று காலையில் எழுந்ததும் வாட்ஸ்ஆப்பில் வாழ்த்து அனுப்பினேன். அங்கே விடிந்த பிறகு பதில் வந்தது. 'நன்றிங்க.'

கூடப் பிறந்த அக்காவுக்கு அனுப்புகிற பதிலா இது? அவனுடைய தேங்காய்க் களத்துக்கு வருகிற லாரி டிரைவரிடம்கூட இதைவிட நாலு வார்த்தை கூடப் பேசுவான். எங்கள் கோயம்புத்தூர்ப் பக்கம் எல்லோருக்கும் மரியாதை கொடுத்துத்தான் பேசுவோம், அது உங்களுக்குத் தெரியும். ஆனால் என்னை அவன் பிறந்ததிலிருந்து நீ, வா, போ என்றுதான் பேசினான். மூன்று வருடமாக நான் அவனுக்கு 'நீங்க' ஆகிவிட்டேன். சண்டை போட்டால் திருப்பிச் சண்டை போடலாம். மரியாதை கொடுத்தால் என்ன செய்வது, சொல்லுங்கள்.

அம்மா தவறியபோது அவனுக்குப் பதினொரு வயது, எனக்கு இருபது. பரீட்சைக்கு முந்தின நாள் பயத்தில் வாந்தி எடுப்பான். நான் வாளியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பேன். "அக்கா, நீ போயிராத" என்பான். "எங்கடா போகப் போறேன்" என்பேன். போனேன். கல்யாணம் ஆகி கிணத்துக்கடவிலிருந்து நேராக ஆஸ்திரேலியாவில் அடிலெய்ட் வந்து சேர்ந்தேன்.

2

இங்கே என் நாள் எப்படி இருக்கும் என்று ஊரில் கேட்கிறார்கள். வாரம் ஐந்து நாள் ஒரு பல் ஆஸ்பத்திரியின் முன்மேசையில் உட்கார்ந்து, வலியோடு வருகிறவர்களிடம் படிவம் நிரப்பச் சொல்லி நீட்டுவேன். மாமாவுக்கு, அதாவது என் வீட்டுக்காரர் சிவக்குமாருக்கு, வடக்கே சுரங்கத்தில் வேலை. இரண்டு வாரம் அங்கே, ஒரு வாரம் வீட்டில். அந்த ஒரு வாரத்தில் பாதியைத் தூங்கியே கழிப்பார். மகள் இனியாவுக்குப் பதினாலு வயது, பள்ளியில் வயலின் படிக்கிறாள். நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். அவசரமாகக் காரியம் ஆக வேண்டுமானால் மட்டும் தமிழ் வரும்.

மிச்சம் இருப்பது சனிக்கிழமை. தமிழ்ச் சங்கத்தில் நானும் இன்னும் நாலு பேரும் சேர்ந்து வயதானவர்களுக்கு மதியச் சாப்பாடு போடுகிறோம். பிள்ளைகள் வேலைக்குப் போன பிறகு வீட்டில் தனியாக உட்கார்ந்திருப்பவர்கள் வருவார்கள். ரசம் ஊற்றத்தானே போகிறோம் என்று நினைத்தேன். அதற்குப் போலீஸ் சான்று, உணவுச் சுகாதார வகுப்பு, முதலுதவிப் பயிற்சி. என் குணம் சரியானது என்று எழுதித்தர இந்த ஊரில் இரண்டு பேர் வேண்டும் என்றார்கள். என்னை இங்கே யாருக்குத் தெரியும்? வேலை செய்யும் இடத்து டாக்டரிடம் ஒன்று வாங்கினேன். இரண்டாவது ஆள் கிடைக்க ஒரு மாதம் அலைந்தேன்.

ஆறு வருடம் ஊற்றினேன். யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை என்று எழுதினால் அழகாக இருக்கும். எதிர்பார்த்தேன். அடுப்படி வாசனையோடு வீட்டுக்கு வந்தால் மகள் காதில் எதையோ மாட்டிக்கொண்டு அறைக்குள் இருப்பாள். மாமா போனில் "சாப்பிட்டியா?" என்பார். அவ்வளவுதான் என் சனிக்கிழமை.

அப்படி இருக்கும்போதுதான், மூன்று வருடத்துக்கு முன்னால், சங்கத்தில் ஒருத்தி கல்யாணமான பெண்களுக்கான அழகிப்போட்டி பற்றிச் சொன்னாள். முகத்துக்கு மட்டும் மார்க் இல்லையாம், சமூகச் சேவைக்கும் உண்டாம். முப்பத்தெட்டு வயதில் உனக்கு எதுக்கடி இந்த வேண்டாத வேலை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டே விண்ணப்பத்தை நிரப்பினேன். ஹைஹீல்ஸ் போட்டு வீட்டுக் கூடத்தில் நடந்து பழகினேன். இனியா பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள். அவளை நான் சிரிக்க வைத்து எத்தனையோ நாளாகியிருந்தது. இறுதிச் சுற்றுக்குத் தேர்வானேன். உடம்பெல்லாம் புல்லரித்தது.

3

ஒரு வாரம் கழித்து அப்பா கூப்பிட்டார்.

"கண்ணு, பிரபுவுக்கு ஆவணியில முகூர்த்தம் வெச்சாச்சு. ஏழு வாரந்தான் இருக்குது. ஞாயித்துக்கெழமை வெடியால தாலி, சனிக்கெழமை பொழுதோட இணைச்சீர். நீ வெள்ளிக்கெழமையே வந்துரோணும்."

இணைச்சீர் தெரியாத வாசகர்களுக்காக ஒரு வரி. எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் மாப்பிள்ளை பொண்ணுக்குத் தாலி கட்டுவதற்கு முன்னால், உடன்பிறந்தவளைப் பட்டு கட்டிப் பக்கத்தில் உட்கார வைப்பார்கள். கூறைச்சேலையின் ஒரு முனை அவன் கையில், மறு முனை இவள் கையில். எவள் வந்தாலும் இந்த வீட்டில் உனக்கு உள்ள இடம் உனக்குத்தான் என்று அவன் ஊரறியச் சொல்கிற சீர் அது.

குளிர்பெட்டியில் ஒட்டியிருந்த காலண்டரைப் பார்த்தேன். அந்தச் சனிக்கிழமையில் ஏற்கெனவே சிவப்பு வட்டம் போட்டிருந்தேன். அன்றைக்குத்தான் போட்டியின் இறுதிச் சுற்று.

உள்ளதைச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அப்பா இரண்டு நாள் பேசாமல் இருந்திருப்பார், சொந்தக்காரர்கள் காறித் துப்பியிருப்பார்கள், நான் அழுதுகொண்டே விமானம் ஏறியிருப்பேன். அதுதான் பயம். சொன்னால் போக வேண்டிவரும். எனக்குப் போக இஷ்டமில்லை. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, விளக்கு என் முகத்தில் அடிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். இதை எழுத எனக்கு மூன்று வருடம் ஆகியிருக்கிறது.

என் பாஸ்போர்ட் புதுப்பிக்கப் போயிருந்தது. "இன்னும் வரலீங்கப்பா" என்றேன். அப்போது அது உண்மைதான். கல்யாணத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது கூரியரில் சொன்ன தேதிக்கு வந்து சேர்ந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கினேன். பிளாஸ்டிக் கவரில் சுற்றி அரிசி டப்பாவுக்குள் போட்டேன். வீட்டில் எத்தனையோ டிராயர் இருக்க, ஏன் அங்கே போட்டேன் என்று கேட்காதீர்கள். கிணத்துக்கடவில் அம்மா எதை மறைத்தாலும் அரிசிக்குள்தான் மறைப்பாள். திருட்டுப்புத்தி வந்ததும் கை தானாக அங்கே போனது.

மறுநாளே இனியா சோறு வைக்க டப்பாவைத் திறந்துவிட்டாள். அப்போது அவளுக்குப் பதினொன்று.

"அம்மா! பாஸ்போர்ட் வந்துருச்சே! மாமா கல்யாணத்துக்குப் போறமா?"

"இல்ல. யாருகிட்டயும் சொல்லாத."

அவள் என்னையே பார்த்தாள். அப்புறம் அதை இருந்த இடத்திலேயே வைத்து, மேலே அரிசியைத் தள்ளி மூடினாள்.

என் வீட்டுக்காரரிடம் மட்டும் போனில் உள்ளதைச் சொன்னேன். "உன்ற தம்பி, உன்ற முடிவு" என்று வைத்துவிட்டார். ரொம்ப நல்லவர். நல்லவர்களால் சில நேரம் ஒரு உபகாரமும் இருக்காது.

"வரலைங்கற போது என்ன பண்றது? உடு அக்கா" என்று பிரபுவும் சொல்லிவிட்டான். பெரியப்பா மகள் ஈஸ்வரி என் இடத்தில் உட்காருவதாக முடிவானது. அவள் நல்ல பிள்ளை. அதனால் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

4

அந்தச் சனிக்கிழமை நான் கட்டியது மாம்பழ நிறப் பட்டு. என்றைக்கோ வரப்போகும் இணைச்சீருக்கென்று ஒரு வருடத்துக்கு முன்பே கோயம்புத்தூரில் எடுத்து வைத்தது.

கடைசிச் சுற்றில் எல்லோருக்கும் ஒரே கேள்வி கேட்டார்கள். இந்த மேடைக்காக எதை விட்டுக்கொடுத்தீர்கள்? முதலில் போனவள் தூக்கம் என்றாள். அடுத்தவள் இனிப்பு என்றாள், கூட்டம் சிரித்தது. நான் மனப்பாடம் செய்து வைத்திருந்த பதில் 'நேரம்'. மைக்கை வாங்கியதும் வாய் வேறு எதையோ சொன்னது.

"இன்றைக்கு என் தம்பிக்குக் கல்யாணச் சீர். நான் அங்கே இருந்திருக்க வேண்டும். அதை விட்டுவிட்டு இங்கே நிற்கிறேன்" என்றேன் ஆங்கிலத்தில். கூட்டம் அமைதியானது. அந்த அமைதி எனக்குப் பிடித்திருந்தது. நிறுத்தவில்லை. இணைச்சீர் என்றால் என்ன என்று விளக்கினேன். முந்தானையின் ஓரத்தைத் தொகுப்பாளினி கையில் கொடுத்து, மறு பக்கத்தை நான் பிடித்துக் காட்டினேன். நடுவர் ஒருவர் கண்ணைத் துடைத்தார். மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது.

எதை விட்டுவிட்டு வந்தேனோ, அதையே விற்றுக் கைதட்டல் வாங்கினேன். அதுவும் முதல் இடமில்லை, இரண்டாம் இடம். சின்னக் கிரீடம்.

அடுத்த வாரம் சங்கத்தில் கிரீடத்தோடு பரிமாறச் சொல்லிப் போட்டோ எடுத்தார்கள். சாப்பிட வந்திருந்த ரஹீம் பாய் நிமிர்ந்து பார்த்தார். அவர் கோயம்புத்தூர் டவுன்ஹால் பக்கம் பாத்திரக் கடை வைத்திருந்தவர், இப்போது மகன் வீட்டில் இருக்கிறார்.

"அம்மணி, அதைக் கழட்டி வெச்சுப்போட்டு ஊத்துங்க. ரசத்துல உழுந்துரும்" என்றார்.

கழற்றி வைத்தேன். இன்றுவரை மறுபடி தலையில் வைக்கவில்லை.

5

ஆனால் கிணத்துக்கடவில் அது ஏறிவிட்டது, ஃபிளக்ஸில்.

யாரோ என் போட்டோவை அப்பாவுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அவருக்குத் தலைகால் புரியவில்லை. பஸ் ஸ்டாப்பில் பிரபுவின் கல்யாண ஃபிளக்ஸ் இன்னும் இறக்காமல் இருந்தது. அதற்குப் பக்கத்திலேயே அதே அளவில் எனக்கும் ஒன்று கட்டினார். 'கடல் கடந்து வென்ற கிணத்துக்கடவின் தங்க மகளே!' கிரீடத்தோடு நான். இரண்டாம் இடம் என்ற சேதி மட்டும் எங்கேயோ நழுவிவிட்டது. அடியில் போட்டி நடந்த தேதியைப் பெரிதாகப் போட்டிருந்தார்கள். பக்கத்து ஃபிளக்ஸில் இருந்ததும் கிட்டத்தட்ட அதே தேதி.

நம் ஊரில் பஸ்ஸுக்கு நிற்கிறவனுக்கு வேறு என்ன வேலை? இதையும் பார்த்தார்கள், அதையும் பார்த்தார்கள். போனில் தேடினால் என் வீடியோ. ஆங்கிலம் படித்த பிள்ளைகள் ஒரு வரி விடாமல் விளக்கம் சொல்லியிருக்கிறார்கள். பொண்ணு வீட்டில் விருந்து முடித்து நாலாம் நாள் பிரபுவும் அவன் மனைவியும் ஊருக்குள் வந்தபோது டீக்கடையில் இருந்து ஒருவர் கேட்டாராம். "ஏனுங் மாப்ள, அக்காவுக்குப் பாஸ்போர்ட் வந்துருச்சுங்களா?"

இதெல்லாம் ஈஸ்வரி சொல்லித்தான் எனக்குத் தெரியும். பிரபு ஒன்றும் சொல்லவில்லை. அன்று சாயங்காலம் ஒரு வரி அனுப்பினான். 'வீடியோ பாத்தேனுங்க. நல்லாப் பேசியிருக்கீங்க.'

நான் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். அவனுக்குத்தான் எல்லாம் தெரிந்துவிட்டதே, இனி என்ன சொல்வது என்று விட்டுவிட்டேன். அப்புறம் பொங்கலுக்கு வாழ்த்து, தீபாவளிக்கு வாழ்த்து. போன மாதம் அவனுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அதையும் ஈஸ்வரிதான் சொன்னாள். பாப்பாவின் போட்டோவைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். காது எங்கள் அம்மாவின் காது. இதை யாரிடம் சொல்வது என்று சுற்றிலும் பார்த்தேன். வீட்டில் ஒருவரும் இல்லை.

6

இன்றும் சனிக்கிழமை. சங்கத்தில் பந்தி முடிந்ததும் ரஹீம் பாய் வழக்கம்போலப் போனை நீட்டினார். ஒவ்வொரு வாரமும் கோயம்புத்தூர் உக்கடத்தில் இருக்கும் அவர் தங்கச்சிக்கு நான்தான் போட்டுக் கொடுக்க வேண்டும். காது மந்தம், அதனால் ஸ்பீக்கரில்தான் பேசுவார்.

"நல்லா இருக்கீங்களாண்ணா?" என்றது அந்தப் பக்கம்.

"எங்கம்மா நல்லா இருக்கறது? மருமவ பிரியாணிய வாயில வெக்க முடியல. திங்கக்கெழமை ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருக்கறாங்க. பயமாத்தான் இருக்குது."

"பயப்படாதீங்கண்ணா. நான் துவா செய்யறேன்."

இவ்வளவுதான் பேச்சு. போனை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். பயமாக இருந்தால் பயம் என்று சொல்ல அவருக்கு ஒரு ஆள் இருக்கிறது. எனக்குப் பொறாமையாக இருந்தது. அண்டா கழுவ வேண்டும். கழுவவில்லை. பின்வாசலுக்குப் போய்ப் பிரபுவைக் கூப்பிட்டேன். அங்கே காலை நேரம், களத்தில் இருப்பான்.

"சொல்லுங்க."

"பிரபு, ஒண்ணு சொல்லோணும்."

"சொல்லுங்க, லோடு ஏத்திட்டிருக்கறேன்."

"உன்ற கல்யாணத்தப்ப பாஸ்போர்ட் வந்துருச்சுடா. ரெண்டு வாரத்துக்கு முந்தியே வந்துருச்சு. அரிசி டப்பாவுல ஒளிச்சு வெச்சுப்போட்டேன். எனக்குப் போட்டிக்குப் போக ஆசை. உன்ன ஏமாத்திட்டேன்."

களத்தை விட்டுத் தள்ளி வந்தான் போல, தேங்காய் விழுகிற சத்தம் குறைந்தது.

"தெரியும்" என்றான்.

"வீடியோ பாத்தப்பவா?"

"அதுக்கு முந்தியே. சனிக்கெழமை காலைலயே இனியா போன் பண்ணுச்சு. 'மாமா, பாஸ்போர்ட் அரிசி டப்பாவுல இருக்குது, அம்மா வரமாட்டாங்க, நீங்க அழுகாதீங்க'ன்னு சொல்லுச்சு."

படியில் உட்கார்ந்துவிட்டேன்.

"அப்புறம் நான் என்ன பண்ணுனேன் தெரியுமா?" அவன் குரல் ஏறியது. "மண்டபத்துக்கு வந்த சனம் பூரா அக்கா எங்க, அக்கா எங்கன்னு கேட்டுது. ஒவ்வொருத்தர்கிட்டயும் பாஸ்போர்ட் வரலீங்கன்னு சொன்னேன். தெரிஞ்சுக்கிட்டே சொன்னேன். பொண்ணு ஊட்டுக்காரங்ககிட்டச் சொன்னேன். கட்டிக்கப் போறவகிட்டயும் அதேதான். உன்ன ஒருத்தரும் ஒரு சொல்லு சொல்லிரக் கூடாதுன்னு சொன்னேன். நாலு நாள் கழிச்சுப் பாத்தா நீ மேடையில நின்னு ஒலகத்துக்கே நெசத்தச் சொல்லியிருக்கறே. பொய்யன் ஆனது நானு. எனக்கு மட்டும் நீ சொல்லவே இல்ல."

"தப்புதான் பிரபு."

"போட்டிக்குப் போனதத் தப்புன்னு நான் சொல்லல. 'டேய், எனக்கு இதுல ஆசை, நான் வரல'ன்னு ஒரு போன் போட்டிருந்தா அப்பாவ நான் சமாளிச்சிருப்பேன். இன்னைக்குச் சொல்லுவே, நாளைக்குச் சொல்லுவேன்னு மூணு வருசம் பாத்துட்டிருந்தேன்."

அழுதேன். அவன் அழாதே என்று சொல்லவில்லை. அப்புறம் விஷயத்துக்கு வந்தான். "ஐப்பசியில பாப்பாவுக்குப் பேர் வெக்கறோம். அத்தைதான் காதுல பேரச் சொல்லோணும். வந்தா வா. வர முடியாட்டி முடியலைன்னு சொல்லு. ரெண்டுல எதுன்னாலும் நெசத்தச் சொல்லு. தேதி அனுப்பறேன்."

7

வீட்டுக்கு வந்தபோது இனியா வயலினைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அறை வாசலில் நின்று கேட்டேன்.

"மாமா கல்யாணத்தப்ப பாஸ்போர்ட்டப் பத்தி மாமாகிட்டச் சொன்னியா?"

நிமிர்ந்தாள். பயந்துவிட்டாள் என்று நினைத்தேன். அப்படியெல்லாம் இல்லை. தமிழில் பதில் சொன்னாள், அதுவும் அவசரமில்லாமல்.

"யாருகிட்டயும் சொல்லாதன்னு சொன்னீங்க. மாமா யாரோவாம்மா?"

பதினொரு வயதில் அவளுக்குத் தெரிந்திருந்தது முப்பத்தெட்டு வயதில் எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். போனில் பிரபு அனுப்பிய தேதி வந்து கிடந்தது. பார்த்தேன். இனியாவின் மேசைக்கு மேலே அவளுடைய பள்ளிக் கச்சேரியின் அறிவிப்பும் ஒட்டியிருந்தது. முதல் தடவையாகத் தனியாக வாசிக்கப் போகிறாள். அதே நாள்.

அவளும் என் கண் போன திசையைப் பார்த்தாள். "நீங்க ஊருக்குப் போங்கம்மா. எனக்குப் பழகிருச்சு" என்றாள்.

கோபித்துக்கொண்டு சொல்லியிருந்தால் தேவலை. மழை வரும்போலிருக்கிறது என்கிற மாதிரி சொன்னாள். எத்தனை சனிக்கிழமை ஊரார் பெற்றோருக்கு ரசம் ஊற்றப் போயிருக்கிறேன், இவள் இங்கே தனியாக வாசித்துப் பழகியிருக்கிறாள். போட்டிக்காக நடை பழகிய மாதங்களில் கேட்கவே வேண்டாம். சேவைக்குச் சான்றிதழ் இருக்கிறது, அழகுக்குக் கிரீடம் இருக்கிறது. வீட்டில் இருந்ததற்கு என்னிடம் ஒன்றும் இல்லை.

பிரபுவுக்குக் குரல் செய்தி அனுப்பினேன். "நான் வரலடா. அன்னைக்கு இனியா வயலின் வாசிக்கறா. நான் முன்னால உக்காரோணும். பாஸ்போர்ட் மேசை மேலதான் இருக்குது. பாப்பா காதுல ஈஸ்வரியே பேரச் சொல்லட்டும்."

பதிலுக்கு அவனும் பேசி அனுப்பியிருந்தான். முதலில் சிரிப்பு, அப்புறம் "சரிக்கா."

8

இங்கே இந்தக் குறிப்பை நிறுத்தி வைத்திருந்தேன். இப்போது ஐப்பசி. மிச்சத்தையும் எழுதிவிடுகிறேன்.

கச்சேரி மதியம் இரண்டரைக்கு. பள்ளி மண்டபத்தில் இரண்டாம் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். என் வீட்டுக்காரருக்கு விடுப்பு கிடைக்கவில்லை, பக்கத்து நாற்காலியில் என் பை. கிணத்துக்கடவில் அப்போது காலை ஒன்பதரை, பாப்பாவைக் குளிப்பாட்டிப் புதுத்துணி போட்டிருப்பார்கள். ஈஸ்வரி வெற்றிலையால் வாயை மறைத்துக்கொண்டு, அந்தச் சின்னக் காதில் குனிந்திருப்பாள். எங்கள் அம்மாவின் காது. பிரபு முன்பே சொல்லியிருந்த பேரை என் வாய் தானாக ஒரு தடவை சொல்லிப் பார்த்தது. பக்கத்து வரிசையில் ஒரு அம்மா திரும்பிப் பார்த்தாள்.

இனியா மேடைக்கு வந்தாள். கண்ணைச் சுருக்கிக் கூட்டத்தில் தேடினாள். நான் கையைத் தூக்கினேன். பார்த்துவிட்டாள். சிரிக்கவில்லை, வில்லை எடுத்து வாசிக்க ஆரம்பித்தாள். ஒரு இடத்தில் தடுமாறினாள், அப்புறம் சமாளித்துக்கொண்டாள். எனக்குச் சங்கீதம் தெரியாது. கடைசிவரை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.

வெளியே வந்ததும் பிரபுவிடமிருந்து குரல் செய்தி. பின்னால் பந்திச் சத்தம், குழந்தை அழுகிற சத்தம்.

"அக்கா, பேர் வெச்சாச்சு. வந்த சனம் பூரா அக்கா எங்கன்னு கேட்டுது. மகள் வயலின் வாசிக்கறா, அதக் கேக்க உக்காந்திருக்குதுன்னு சொன்னேன். இந்தத் தடவை நெசத்தத்தான் சொன்னேன். ஒருத்தரும் நம்பலக்கா."